எதுவும் செய்யாத நிரல்

மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினியால் சோறுண்ட தலைமுறை என்னுடையது. 1998இலும் 1999இலும் சென்னையில் கோபால் அறிந்தவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. (ஆள் பெயர் அன்று, வணிகக் கணக்குகளுக்கான கணினிமொழி.) இரண்டு இலக்கமாகச் சுருக்கி எழுதப்பட்ட ஆண்டு, 2000 பிறந்ததும் வெறும் பூஜ்ஜியங்களாகிவிடும் என்ற உலகத்தின் அச்சமே எங்களுக்குப் படியளந்தது.

ஆனால் அந்த இயந்திரத்தை நாங்கள் கண்டதில்லை. கடல் கடந்து எங்கோ குளிரூட்டப்பட்ட அறையில் அது இருந்தது. எவரோ எழுதிய நிரலில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வரிகளை மட்டும் திருத்துவோம். அதை ஓட்டுவதற்கான ஜே.சி.எல். என்ற பணிக்கட்டுப்பாட்டு மொழியை எவரும் கற்றுத்தரவில்லை. "பழையதை நகலெடு, பெயரை மாற்று" என்பதே பாடம். மடப்பள்ளியில் ஆண்டுக்கணக்காகச் சமைத்தும் மூலவரைத் தரிசிக்காதவனின் நிலை. பணி ஓய்வுக்குப் பிறகு, என்னை வாழவைத்தது எது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது.

அதற்கு இன்று வழியிருக்கிறது. 1999இல் ரோஜர் பௌலர் உருவாக்கிய ஹெர்குலிஸ் என்ற மென்பொருள், சாதாரண மடிக்கணினியை ஐ.பி.எம். பெருங்கணினிபோல நடிக்க வைக்கும். 1974இல் தொடங்கிய எம்.வி.எஸ். இயங்குதள வரிசையில் 3.8ஜே என்ற பதிப்பு ஆர்வலர்களிடம் புழங்குகிறது. அதை உடனே இயக்கும்படி பொதிந்து டி.கே.4-, டி.கே.5 என்ற பெயர்களில் தருகிறார்கள். 3270 முனையத்தைப் போலச் செய்யும் இன்னொரு மென்பொருளும் இருந்தால் போதும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் எழும். உள்ளே நுழைந்து பட்டியல் திரையைக் கடந்தால் ஒரே ஒரு சொல் நிற்கும்: ரெடி. வேறு உபசாரம் ஏதுமில்லை.

தொடக்கத்துக்கு நான்கைந்து கட்டளைகள் போதும். லிஸ்ட்கேட் என்றால் நம் பெயரில் பதிவான கோப்புகளைக் காட்டும். லிஸ்ட்டிஎஸ் ஒரு கோப்பின் லட்சணங்களைச் சொல்லும். எடிட் எழுத, சப்மிட் பணியை ஒப்படைக்க, லாகாஃப் விடைபெற. இவற்றில் சப்மிட்டே இதயம். பெருங்கணினியோடு நாம் உரையாடுவதில்லை, மனுப்போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம்.

அந்த மனுதான் ஜே.சி.எல். ஒவ்வொரு வரியும் இரண்டு சாய்கோடுகளில் தொடங்கும். ஜாப் என்ற வரி பணி யாருடையது என்று கூறும், எக்ஸெக், எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்று, டி.டி., எந்தக் கோப்புகள் வேண்டும் என்று. வரியின் நீளம் 80 எழுத்து, ஏனெனில் துளையட்டையில் 80 பத்திகள். கடைசி எட்டுப் பத்திகளை வரிசையெண்ணுக்கு விட்டுவைத்தார்கள். அட்டைக்கட்டு கைதவறிக் கலைந்தால் மீண்டும் அடுக்க அது உதவியது. அட்டைகள் மறைந்தபின்னும் அவற்றின் அளவு மொழியில் எஞ்சிவிட்டது.

டி.டி. வரியில் டிஸ்ப் என்றொரு பகுதி. அதில் மூன்று சொற்கள்: நியூ, கேட்லாக், டிலீட். என் வேலைக்காலத்தில் எத்தனை முறை நகலெடுத்திருப்பேனோ, கணக்கில்லை. இப்போதுதான் பொருள் விளங்கியது. முதற்சொல், கோப்பு இப்போது எந்நிலையில் இருக்கிறது என்பது. இரண்டாவது, பணி ஒழுங்காக முடிந்தால் அதை என்ன செய்வது. மூன்றாவது, பணி இடையில் முறிந்தால் என்ன செய்வது. எவ்வளவு இடம் வேண்டும் என்பதை மட்டுமல்ல, தோற்றால் விட்டுச்செல்வது என்ன என்பதையும் தொடங்கும் முன்பே எழுதித்தரச் சொல்கிறது இந்த இயந்திரம். உயில் எழுதிவைத்துவிட்டுப் பயணம் கிளம்புவது போல.

புதியவர்கள் முதலில் ஓட்ட வேண்டியது ஐ.இ.எஃப்.பி.ஆர்.14 என்ற நிரல். அது எதுவும் செய்வதில்லை. தொடக்கத்தில் அதில் இருந்தது ஒரே ஆணை: 14ஆம் பதிவகம் காட்டும் முகவரிக்குத் திரும்பு. அதாவது, வந்த வழியே போ. பிறகு எதற்கு? கோப்பை உருவாக்குவதும் நீக்குவதும் டி.டி. வரியின் பொறுப்பு, நிரல் ஓடுவதற்கு முன்னும் பின்னும் இயங்குதளமே அதைச் செய்கிறது. ஆனால் ஏதேனும் ஒரு நிரல் ஓடினால்தான் அந்தச் சடங்கு நடக்கும். அதற்காக ஒரு வெறும் நிரல்.

அதிலும் பிழை இருந்தது என்பதுதான் வேடிக்கை. முடிவு எப்படி என்பதை 15ஆம் பதிவகத்தில் வைத்துச் செல்வது மரபு. இந்த நிரல் அதைத் தொடவே இல்லை. எனவே முன்பிருந்த குப்பையே முடிவாக வாசிக்கப்பட்டது. 15ஐச் சுழியமாக்கும் இன்னொரு ஆணையைச் சேர்த்தார்கள். ஒன்றும் செய்யவில்லை என்பதையும் முறைப்படி அறிவிக்க வேண்டியிருக்கிறது!

ஜே.சி.எல். அழகான மொழி என்று நான் வாதிடவில்லை. இரண்டு அளபுருக்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விழுந்தால் எஞ்சியதைக் குறிப்புரை என்று ஒதுக்கிவிடும் மொழி அது. ஓ.எஸ்./360 திட்டத்தை நிர்வகித்த ஃபிரெட் புரூக்ஸே, தன் பொறுப்பில் உருவான இம்மொழியை உலகின் மிக மோசமான கணினிமொழி என்று பிற்காலத்தில் வெளிப்படையாகச் சாடினார். அதை ஒரு மொழியாகவே தாங்கள் கருதவில்லை, ஏதோ சில கட்டுப்பாட்டு அட்டைகள் என்றே எண்ணிவிட்டோம் என்பது அவர் சொன்ன காரணம். மொழியைக் கையாளும் எவருக்கும் இதில் பாடம் உண்டு.

ஆயினும் அது சாகவில்லை. எம்.வி.எஸ்.ஸின் வாரிசான இசட்/ஓ.எஸ். இன்றும் வங்கிக்கணக்குகளைச் சுமக்கிறது. வெறும் நிரலும் அதனுள் இருக்கிறது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபால் அறிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று நியூ ஜெர்சி ஆளுநர் வேண்டினார். அறிந்தவர்களில் பலர் முதியவர்கள். அந்நிரல்களுக்குள் நுழைந்த என்னைப் போன்றோரின் திருத்தங்களிலும் சில இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அவற்றை எழுதியது யார் என்று அறியும் வழி எவருக்கும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு நான் எழுதிய முதல் பணி மூன்றே வரிகள். நகலெடுக்கவில்லை, ஒவ்வொரு சொல்லும் ஏன் என்று தெரிந்து எழுதியது. அச்சுப்பொறிக்குரிய கோப்பில் பதில் வந்தது: படி நிறைவேற்றப்பட்டது, முடிவுக்குறி 0000. அந்த நான்கு சுழியங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.