மாரிக்கு முன் ஒரு மாதம்

மேனாடுகளில் இலையுதிர் காலம் என்றொரு பருவம் உண்டு. அங்குள்ள இல்லத்தரசியர் பழங்களையும் காய்களையும் போத்தல்களில் அடைத்துப் பனிக்காலத்துக்கென அடுக்கி வைப்பதும், பிள்ளைகளுக்கு விழா வேடங்கள் தைப்பதும் அப்பருவத்திலேதான். எமது வினாயகபுரத்தில் அத்தகைய பருவம் இல்லை. ஆயினும், கச்சான் காற்று ஓய்ந்து வயல்களில் பெரும்போக விதைப்புப் பேச்சு எழும் புரட்டாதி, ஐப்பசி நாட்களில் எமது இல்லமும் அதே கோலத்தைத்தான் கொள்கிறது. மாரி தொடங்குமுன் காயவேண்டியவை எல்லாம் காய்ந்தாக வேண்டும். நவராத்திரி முடிவதற்குள் பாடசாலை வாணி விழாவுக்கான உடைகளும் தைத்தாக வேண்டும். இவ்விரண்டும் ஒரே கூடத்தில், ஒரே கிழமையில் நிகழும்போது அவ்வீட்டின் நிலையை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

சென்ற ஆண்டு மகனுக்கு விபுலானந்த அடிகளின் வேடம், மகளுக்கு மயில். அடிகளார் எமது மாவட்டத்துக் காரைதீவிலே 1892இல் பிறந்தவர். பண்டைய யாழை ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தவர். காவி உடையும் அட்டையில் ஒரு யாழும் போதும் என்று எண்ணி, அவ்வேடத்தை நாமே பொறுப்பேற்றோம். வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து, அடுக்களையிலிருந்த பெரிய கிடாரத்தில் சாயத்தூளைக் கரைத்து முக்கினோம். வேட்டி காவியாயிற்று, எமது கைகளும் காவியாயின. போத்தல்களைக் கொதிக்க வைப்பதற்கென்று துணைவியார் துலக்கி வைத்திருந்த கிடாரம் அதுவென்பது பின்னரே தெரிந்தது. “வீட்டில் துறவியாகப் போவது மகனா, நீங்களா?” என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை எம்மிடம் விடையில்லை.

மயிலின் கதை இதனினும் பெரிது. மருதமுனைக் கைத்தறியில் நெய்த நீலச் சாரம் ஒன்று எம்மிடம் இருந்தது. மயிலுக்கு அதைவிட ஏற்ற நிறம் கிடைக்காது என்று மகள் தீர்ப்பளித்துவிட்டாள். வெட்டியவர் நாம்; தைத்தவரும் நாமே. முடிவில் சட்டையின் இரு கைகளும் இடக் கைகளாக அமைந்துவிட்டன. “மயிலுக்குக் கையே இல்லைதானே அப்பா, காரியமில்லை” என்று மகள் ஆறுதல் கூறினாள்.

அவ்வுடையைத் தைத்த இயந்திரத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது எமது அன்னையாருடையது. கையால் சுழற்றும் சிங்கர் இயந்திரம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை நாள். அன்று காலை கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் மிகுந்த உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டமே. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் எமது அன்னையாரும் ஒருவர். அப்போது எமக்கு இருபத்து நான்கு வயது. வீடிருந்த இடத்தில் சுவர்கள் இல்லை. மணலில் பாதி புதைந்து இந்த இயந்திரம் மட்டும் நின்றது. இரும்பின் கனம் அதனைக் காத்தது.

அடுத்த ஆண்டு அதனைச் சாக்கில் சுற்றி அக்கரைப்பற்றுக்கு எடுத்துச் சென்றோம். அங்கே தையல் இயந்திரம் திருத்தும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் அதனைத் துண்டு துண்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்பையும் துருவையும் மூன்று கிழமைகள் தேய்த்தெடுத்தார். கூலியென்று காசை நீட்டினோம். “வேணாம் தம்பி, கடல் எங்கட வீட்டுக்குள்ளயும் வந்ததுதானே” என்றார். அதன்மேல் அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

இயந்திரம் மீண்டது, மீளாத ஒன்றும் இருந்தது. ஆண்டுதோறும் மாரிக்கு முன் அன்னையார் தேசிக்காய் ஊறுகாய் போட்டு, சாடிகளில் நிரப்பி அடுக்கி வைப்பார். அந்த ஆண்டும் வைத்திருந்தார். அச்சாடிகளும் கடலோடு போயின. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எமது வீட்டில் எவரும் மாரிக்கென்று எதையும் சேமித்ததில்லை. வேலைப் பளு என்றும், கடையிலே கிடைக்கிறது என்றும் காரணம் கூறி வந்தோம். உண்மைக் காரணம் வேறு. அடுக்கி வைப்பது ஏதோ ஆபத்தை அழைப்பது போல எமக்குத் தோன்றியது. கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஒருவர் இவ்வாறு எண்ணலாமா என்றால், எண்ணலாகாதுதான், ஆயினும் எண்ணினோம்.

“அப்பம்மா எப்படி ஊறுகாய் போட்டவ?” என்று மகள் ஒருநாள் கேட்டாள். எமக்குத் தெரியவில்லை. அவ்வினாவே எம்மை எழுப்பியது எனலாம். முந்திய ஆண்டில், நினைவில் நின்றதைக் கொண்டு முயன்றோம். காய்கள் சரிவரக் காயுமுன், வானம் இருண்டதைக் கண்டு அவசரப்பட்டு அடைத்தோம், உப்பும் போதவில்லை. ஒரு மாதத்தில் பச்சைப் பூஞ்சணம் படர்ந்தது. மாணவருக்குப் பூஞ்சணத்தைப் பற்றிப் பாடம் சொல்லும் நாம், சாடி முழுவதையும் கொட்டிப் புதைத்தோம். மேலே படர்ந்ததை மட்டும் வழித்தெறிந்துவிட்டு உண்பது தவறு. அதன் வேர்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் இறங்கியிருக்கும்.

ஆகவே சென்ற ஆண்டு தம்பிலுவிலிலுள்ள சின்னம்மாவை அழைத்து வந்தோம். அளவு என்னவென்று கேட்டால், “அளவா? கையால அள்ளிப் போடுறதுதான் மகன்” என்றார். நாம் விடவில்லை. அவர் அள்ளிய உப்பை ஒவ்வொரு பிடியாகத் தராசில் நிறுத்தோம். 62 கிராம், 60 கிராம், 63 கிராம். எழுபது வயதுக் கையின் அத்துல்லியத்தைக் கண்டு மகன் வியந்து நின்றான். 50 தேசிக்காய்க்கு அவர் ஏழு பிடி போட்டார். காயை அடி விடாமல் நான்காகக் கீறி, உப்பைத் திணித்து, சாடியில் சில நாட்கள் வைத்துக் கிளறி, பின்னர் தோல் பழுப்பேறும்வரை வெயிலில் உலர்த்தி, தேசிப்புளியும் மிளகாய்த்தூளும் சேர்த்து அடைக்க வேண்டும். ஈரக் கரண்டி தொடலாகாது. மகள் அனைத்தையும் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

சின்னம்மாவின் கையறிந்ததை உலகம் மெல்லத்தான் அறிந்தது. பிரான்சு நாட்டு நிக்கொலாஸ் அப்பேர் என்பவர், உணவைக் கண்ணாடிப் போத்தலில் இறுக அடைத்துக் கொதிநீரில் வேகவைத்தால் கெடாதென்று கண்டு, அம்முறையை 1810இல் நூலாக வெளியிட்டார். அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. ஏன் கெடுவதில்லை என்பது அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்களே காரணமென்று பின்னர் லூயி பாஸ்டர் விளக்கினார். உப்பு நீரை உறிஞ்சி அவற்றை ஒடுக்குகிறது. தேசியின் புளிப்பும் அவற்றை வளரவிடாது. எனவே ஊறுகாயும் பழப்பாகும் வீட்டில் செய்யத் தக்கவை. மீனையும் புளிப்பற்ற மரக்கறியையும் அவ்வாறு வெறும் கொதிநீரில் வேகவைத்து அடைத்து வைத்தல் ஆகாது. கொதிநீரின் 100 பாகை வெப்பத்துக்கும் அழியாத நச்சுக் கிருமி வித்துகள் உண்டு. அவற்றை அழிக்க, அழுத்தத்தில் ஏறத்தாழ 121 பாகை வேண்டும். மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வது நன்று.

வாணி விழாவில் அடிகளார் கம்பீரமாக வந்தார். மயிலின் தோகை மட்டும் பாதி ஆட்டத்தில் கழன்று விழுந்தது. மகள் அதனை எடுத்துக் கையிலே விரித்துப் பிடித்துக்கொண்டு ஆடி முடித்தாள். சபையோர் அதுவும் ஆட்டத்தின் பகுதியென்றே கருதினர் போலும்.

மார்கழியில் மழை விடாது பெய்தது. டிசம்பர் 26ஆம் நாள் காலை, கடற்கரையில் விளக்கேற்றி வந்தபின், முதற் சாடியைத் திறந்தோம். பூஞ்சணம் இல்லை. அன்னையாரின் ஊறுகாய்ச் சுவைதானா என்று துணைவியார் கேட்டார். அதுவன்று, சற்று உப்பு மிகுதி. ஆயினும் அதன் மணம் அவர் அடுக்களையின் மணமே. நாம் ஒன்றும் சொல்லாது இன்னொரு பிடி சோறு கேட்டோம்.

ஒரு போத்தல் அக்கரைப்பற்றுக்குச் சென்றது. பெரியவர் இப்போது கடைக்கு வருவதில்லை, அவர் மகன் வாங்கிக்கொண்டு, “வாப்பாக்கிட்டக் குடுக்கிறன் சேர். மெசின் ஓடுதா?” என்று கேட்டார். ஓடுகிறது என்றோம்.

வீடு அலங்கோலமாவதை எண்ணி இப்பணிகளைக் கைவிடும் குடும்பத்தினருக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே. மூத்தோர் கையிலுள்ள அளவை, அக்கை இருக்கும்போதே நிறுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாயம் படிந்த கிடாரத்தைப் பிறகு தேய்த்துக் கொள்ளலாம்.