பூட்டிய வீட்டில் திறந்திருந்த கதவு



உத்தமபாளையத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில், அத்தா மறைந்தபின் அம்மா தனியே இருக்கிறார்கள். பிள்ளைகள் நால்வரும் சென்னையிலும் வளைகுடாவிலுமாகச் சிதறிவிட்டோம். முல்லைப் பெரியாற்றுக் காற்று வரட்டும் என்று ஒருகாலத்தில் நாளெல்லாம் திறந்து கிடந்த தலைவாசலுக்கு இன்று இரண்டு பூட்டுகள். போதாதென்று, விடுமுறையில் வந்த தம்பி வைஃபை கேமரா ஒன்றைக் கூடத்து அலமாரியின் மேல் வைத்துச் சென்றான். அம்மா தடுக்கி விழுந்தாலும் உடனே தெரியும் என நாங்கள் நிம்மதியடைந்தோம்.

ரமளானுக்கு ஊர் சென்றபோது இணையம் மந்தமாக இருந்தது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். எங்களிடம் இருந்த கருவிகள் 5. பட்டியலில் இருந்தவை 11. வைஃபையின் கடவுச்சொல், தெருவே அறிந்த எங்கள் வீட்டுத் தொலைபேசி எண். ரவுட்டருக்கும் கேமராவுக்கும் ஆலையில் இட்ட சொற்களே நீடித்தன.

அண்டை வீட்டுப் பிள்ளைகள் படம் பார்த்திருந்தால் அது சிறு விஷயம். எங்களை நடுங்கவைத்தது வேறொரு நினைவு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் சென்றது. அதன் தடத்தைப் பின்தொடர்ந்த காவல்துறை சென்று நின்றது, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில். பூட்டப்படாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். பெயரைக் கேட்டதுமே ஐயுறும் காலத்தில், அப்படியோர் அஞ்சல் எங்கள் வீட்டிலிருந்து சென்றிருந்தால் என்னவாகியிருக்கும்?

கேமராவின் கதையும் அப்படியே. 2016இல் பரவிய ‘மிராய்’ என்னும் தீநிரல், ஆலைக் கடவுச்சொற்கள் 60-க்கும் மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாக முயன்றே உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது. பூட்டை உடைக்கவில்லை, சாவி எல்லாருக்கும் தெரிந்ததாக இருந்தது.

தராவீஹ் முடிந்து வந்து அமர்ந்தோம். கடவுச்சொற்களை எல்லாம் நீளமாக மாற்றினோம்; மென்பொருளைப் புதுப்பித்தோம்; பொத்தானை அழுத்தினால் இணைந்துவிடும் டபிள்யூபிஎஸ் வசதியையும், வெளியிலிருந்து ரவுட்டரைத் திறக்கும் வழியையும் அடைத்தோம். அரைமணி நேர வேலைதான்.

“இனிப் பயமில்லை, அம்மா. வெளியாள் எவரும் பார்க்க முடியாது” என்றோம்.

“அப்படியானால் இவ்வளவு நாள் பார்த்திருக்கலாமா?” என்று கேட்டார்கள். பிறகு மெல்லச் சொன்னார்கள்: “அதை வைத்த நாளிலிருந்து நான் கூடத்தில் முக்காட்டை எடுத்ததில்லை.”

எங்களுக்குப் பேச்சு எழவில்லை. ஃபஜ்ருக்கு முன்னும் நண்பகலிலும் இஷாவுக்குப் பின்னும் வீட்டுப் பிள்ளைகளே அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சூரா அந்நூரில் ஓதியவர்கள் நாங்கள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருபத்துநான்கு மணி நேரமும் உள்ளே நின்றிருக்கிறோம்.

கேமரா இப்போது தலைவாசலுக்கு மேல், தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. அஸருக்குப் பிறகு நால்வரில் ஒருவர் முறைவைத்துத் தொலைபேசியில் அழைக்கிறோம். சில நாள் அம்மா எடுப்பதில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், பிறகு கூப்பிடுகிறேன் என்று செய்தி வரும்.