கொக்கு எச்சமும் கிரவுண்டு விலையும்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியபோது எங்கள் மாவட்டத்தின் பெயர் செங்கை எம்.ஜி.ஆர். 1997ல் அது காஞ்சிபுரம் ஆனது. 2019ல் பிரித்துச் செங்கல்பட்டு ஆக்கினார்கள். நியூஜெர்சியில் உட்கார்ந்து ஏதாவது விண்ணப்பம் நிரப்பும்போதெல்லாம் பிறந்த மாவட்டம் எது என்று பேனா ஒரு கணம் நிற்கும். இடையில் ஊருக்கு வந்ததெல்லாம் கல்யாணம், காரியம் என்று ஓடிவந்து ஓடிப்போனதுதான். இந்த முறை பொங்கலுக்கு வந்தவன் மாசி மகம் முடியும்வரை தங்கினேன்.

ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுரோட்டில் திரும்பினால் வேடந்தாங்கல் வழி. சின்ன வயதில் இந்தச் சாலையில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் நெல்தான். இப்போது நெல்லுக்கு நடுவே மஞ்சளும் சிவப்பும் அடித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. மனைப்பிரிவுக்குக் கொடிகள், வளைவு, காவலாளி. ஒரு பலகையில் நாரை படம் போட்டு, "சரணாலயம் மிக அருகில்" என்று எழுதியிருந்தது. நாரைக்குத் தெரிந்தால் கமிஷன் கேட்கும்.

ஏரிக்கரையில் சித்தப்பா காத்திருந்தார். எங்கள் குடும்பத்தின் கொஞ்ச நிலம் அந்த ஏரிப் பாசனத்தில் இருக்கிறது. பயிர் வைப்பது அவர்தான்.

வேடந்தாங்கல் ஏரி பெரியதல்ல. எழுபது ஏக்கர் சொச்சம். ஆனால் தண்ணீரில் பாதி முழுகி நிற்கும் கடப்ப மரங்களில் அன்று ஒரு கிளைகூடச் சும்மா இல்லை. கூழைக்கடா, வக்கா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா என்று மாடி மாடியாகக் குடித்தனம். கூட்டுக்குக் கீழே தண்ணீர் இருப்பதால் பூனை, நரி பயமில்லை. அதற்காகத்தான் மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிய வருடத்தில் கூடு கட்டுகின்றன. ஏரி வறண்டால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வந்து, குஞ்சு பொரித்து, வெயில் ஏறியதும் கிளம்பிவிடும்.

நாங்கள் நின்ற இடத்துக்கு நேர்கீழே, தண்ணீர் வடிந்த சேற்றில், ஒரு நத்தைகுத்தி நாரை வேலையில் இருந்தது. மூக்கை மூடினாலும் நடுவில் சந்து தெரியும் பறவை அது. சேற்றுக்குள் மூக்கை விட்டுத் துழாவி ஒரு நத்தையை எடுத்தது. தரையோடு வைத்து அழுத்தி, மேல் மூக்கால் பிடித்துக்கொண்டு கீழ் மூக்கை நத்தையின் மூடிக்கு அடியில் நுழைத்துத் திருகியது. சதை தனியாக வந்தது. ஓடு உடையாமல் சேற்றில் விழுந்தது. அடுத்த நத்தை. பக்கத்தில் அப்படிக் காலி ஓடுகள் ஒரு கூடை தேறும்.

சித்தப்பா பறவையைப் பார்க்கவில்லை. மதகைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் லேசான பச்சையாக ஓடியது. நாற்றமும் இருந்தது.

"இந்தத் தண்ணி பாஞ்சா அடியுரமே வாணாம்டா. எங்கப்பா காலத்துல கடையில உரம் வாங்குனதே கெடயாது. எல்லாம் கொக்கு எச்சந்தான்."

வேடந்தாங்கலின் இருநூறு வருடக் கதை இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பாவம், வாயில்லா ஜீவன் என்ற முறையீடாக மட்டும் அது இருந்திருக்காது. பறவை போனால் தண்ணீரின் சத்து போகும், சத்து போனால் விளைச்சல் போகும், விளைச்சல் போனால் கும்பினிக்கு வரி எங்கிருந்து வரும்? 1798ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அந்த ஊருக்கே கொடுத்துக் கவுல் என்னும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

இந்த பிளேஸ் துரை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கதையில் பழக்கமானவர். மதுராந்தகம் ஏரி உடையப் போகிறது என்று மழை இரவில் கரைக்கு ஓடி, அங்கே வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்கக் கண்டு, ஏரி காத்த ராமர் கோயிலில் தாயாருக்குச் சன்னதி கட்டிக் கொடுத்தவர் அவர்தான். ஒரு ஏரியைக் காக்க ராமரும் லட்சுமணரும் வந்தார்கள். இன்னொரு ஏரிக்கு ஊரே காவல் நின்றது. இரண்டையும் ஒரே கலெக்டர் பார்த்திருக்கிறார்.

கவுலுக்குச் சரியாக இருநூறு வருடம் கழித்து, 1998ல், ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டம் முழுவதையும் அரசு சரணாலயமாக அறிவித்தது. அதில் நியாயம் இருக்கிறது. பறவை தூங்குவதும் குஞ்சு பொரிப்பதும்தான் இந்த ஏரியில். இரை எடுப்பது பெரும்பாலும் சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும். 2020ல் அந்த வட்டத்தைச் சுருக்க ஒரு யோசனை வந்தபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. யோசனை நிறைவேறவில்லை. 2022ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறின. எல்லாம் நல்லதுதான். ஆனால் சித்தப்பா வாயிலிருந்து கேட்கும்போது ஒரு வித்தியாசம் உறைத்தது. 1798ன் காகிதம் ஊருக்கு உரிமை தந்தது. 1998ன் காகிதத்தைப் பற்றிப் பேசும்போது அவருக்கு "கட்டுப்பாடு" என்ற சொல்தான் முதலில் வருகிறது.

அதற்குள் வேறொன்றும் நடந்துவிட்டது. போர்வெல் வந்தது. யூரியா மூட்டை வந்தது. மதகுத் தண்ணீர் இல்லாமலும் பயிர் வைக்கலாம் என்று ஆனது. பறவைக்கும் வயலுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் இளைத்துவிட்டது. இப்போதும் பறவைக்கு ஆகாதது எதையும் ஊர் செய்வதில்லை. ஆனால் அது பழக்கத்தின் பலம். பழக்கம் மட்டும் எத்தனை தலைமுறை தாங்கும்?

இப்படி உயிருக்கும் பிழைப்புக்கும் உள்ள கணக்கு அறுந்தால் என்ன ஆகும், திரும்பச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போனால் போதும்.

அந்தப் பக்கத்து இருளர் பழங்குடியினர் ஒரு காலத்தில் பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்றார்கள். 1972ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அடுத்து வந்த ஏற்றுமதித் தடையும் தோல் வியாபாரத்தை நிறுத்தின. பாம்பு பிழைத்தது, பாம்பு பிடித்தவன் பட்டினி கிடந்தான். 1978ல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். யோசனை எளிமையானது. தோலை உரித்தால் ஒரு தடவைதான் காசு. நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்பை விட்டுவிட்டால், பாம்பு உயிரோடு இருக்கும்வரை தொழிலும் இருக்கும்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து மண்பானையில் வைக்கிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் சில முறை நஞ்சு எடுத்துவிட்டுக் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தித்தான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பிழைத்தவர்களில் எத்தனையோ பேர் உடம்பில் ஓடிய மருந்துக்கு மூலச்சரக்கு இந்தக் கடலோரத்துப் பானைகளிலிருந்து போனது.

சங்கத்து உறுப்பினர் ஒருவரோடு ஒரு காலை வரப்பு வரப்பாக நடந்தேன். கையில் கடப்பாறை, தோளில் துணிப்பை. எனக்கு எல்லா வளையும் எலி வளைதான். அவர் குனிந்து வளை வாயைப் பார்ப்பார், விரலால் தடவுவார், நகர்ந்துவிடுவார். ஒரு வளையில் நின்றார். வாய் ஓரத்து மண் வழுவழுவென்று அழுந்தியிருந்தது. மெதுவாகத் தோண்டினார். கடப்பாறை மண்ணில் இறங்கும் சத்தம் மாறியதும் கையால் அள்ளத் தொடங்கினார். நல்ல பாம்பு. வாலைப் பிடித்துத் தூக்கி, குச்சியில் தாங்கி, வயிற்றுப் பக்கம் திருப்பினார். வயிற்றுச் செதிலில் வெட்டிய தழும்பு.

"இது சங்கத்துக்கு வந்துட்டுப் போனது சார். வாணாம்."

விட்டுவிட்டார். அது வரப்பைக் கடந்து புதருக்குள் போகும்வரை நான்தான் நகராமல் நின்றேன். அவர் கலைந்த மண்ணை வளைக்குள் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்.

இதே சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் 2017ல் புளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே பெருகிப்போன பர்மா மலைப்பாம்புகளை அந்நாட்டு வல்லுநர்களால் எளிதில் கண்டுபிடிக்க முடியவில்லை. நம்மவர்கள் கடப்பாறையோடு போய்ப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. கௌரவம் பெரியது. ஆனால் பாம்பு பிடிக்க அவ்வப்போது அரசு அனுமதி புதுப்பிக்கப்பட வேண்டும். அது தள்ளிப்போன நாட்களில் பத்மஸ்ரீ கிடைத்த ஊரிலும் பானை காலிதான்.

மாசிப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடுவதைச் சின்ன வயதில் ஒரு முறை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இந்த முறை இரவு முழுவதும் அங்கேயே இருந்தேன். சுற்று மாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்து, நாலு குச்சி நட்டுப் புடவையைச் சுற்றிக் கூடாரம் போடுகிறார்கள். விடியலில் மணலைக் குவித்துப் படி கட்டி, பூவும் மஞ்சளும் வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். பெண் கேட்பது, நிச்சயம் பண்ணுவது, தாலி கட்டுவது எல்லாம் அந்த மணலிலேயே நடக்கிறது. கோயில் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். கூட்டத்தில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

அதே கரையில் தை, மாசியில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. மீனவக் குப்பத்து இளைஞர்கள் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்து, வேலி போட்ட குழியில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஆனால் 2025 ஜனவரியில் சென்னையிலிருந்து இந்தப் பக்கம்வரை நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் சாகிறது. காப்பவர் கரையில், கொல்லும் வலை கடலில். கரையில் எத்தனை பேர் கண்விழித்தாலும் இந்தக் கணக்கு நேராகாது.

கிளம்புவதற்கு முன் சித்தப்பாவிடம் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. தரகர் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் விலை அனுப்பிக்கொண்டே இருந்தார். "விக்க வேண்டாம் சித்தப்பா, பறவைங்க இருக்கிற இடம்" என்றேன்.

அவர் சிரித்தார். "நீ டாலர்ல சம்பளம் வாங்கற. நான் கொக்கு எச்சத்தையா துன்றது? கிரவுண்டு வெல இன்னான்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியும். அந்த விலையை ஏற்றியதில் என்னைப்போல் வெளிநாட்டில் இருந்துகொண்டு மனை தேடுபவர்களுக்கும் பங்கு உண்டு. அதனால் அவருக்கு உபதேசம் செய்யும் இடத்தில் நான் இல்லை. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்து மரியாதை செய்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "இனிப்பு சரி, உழவுக்கூலி யாரு குடுக்கறது?" என்றார்.

கேள்வி சரியானது. சரணாலயத்துக்கு வரும் கூட்டம் நுழைவுச்சீட்டு வாங்குகிறது, கார் நிறுத்தக் காசு கொடுக்கிறது. ஏரிப் பாசனத்தில் நெல்லே வைப்பேன் என்று நிற்கும் விவசாயிக்கு அதில் பங்கு என்ன? எச்சம் கலந்த தண்ணீரில் விளைந்த நெல்லுக்குக் கூடுதல் விலை கிடைக்க யார் வழி செய்வது? வட்டத்துக்குள் இருக்கும் மற்ற ஏரிகளின் வரத்துக்கால்வாயை யார் தூர்வாருவது? அன்றைய ஊர்க்காரர்களும் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் கலெக்டர் வாசலில் நின்றிருக்க வேண்டும். இருளர் சங்கமும் கணக்கில்தான் நிற்கிறது. சித்தப்பாவுக்கு மட்டும் தர்மம் பேசினால் எப்படி?

என் பங்கை இப்போதைக்கு விற்கவில்லை. பயிர் வைப்பதற்குக் குத்தகைப் பணமும் தர வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். "சரி, பாக்கலாம், எவ்ளோ நாளைக்கின்னு" என்றார். அவருடைய பங்கைப் பற்றி அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.