தண்ணீர் படவில்லை

கோட்டையூரில் ஒரு வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை நான் கெடுத்தேன். கெடுத்ததை மறைத்தேன். மறைக்கப் போய், ஒரு பள்ளிக்கூடப் பையன் மேல் பழி விழ விட்டேன். காரைக்குடியில் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்தே தலை நரைத்தவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அது சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம். 1982இல் இங்கிலாந்தில் வந்த மெஷின். படத்துக்கு டிவி, புரோகிராம் ஏற்ற கேசட் ரெக்கார்டர். எண்பதுகளில் புனேயில் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி இதன் பிளஸ் மாடலை இந்தியாவிலேயே செய்தது. இந்த வீட்டில் இருந்தது வீட்டுக்காரர் செட்டியார் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. வட்டிக்கணக்குப் போட அவரே ஒரு புரோகிராம் எழுதிக் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அவர் காலமான பிறகு எல்லாம் பெட்டகத்துக்குள் போய்விட்டது. லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த பேரன் அதை எடுத்துத் துடைத்து டிவியில் மாட்டினான். மெஷினுக்கு உயிர் இருந்தது. கேசட்டும் ஏறியது. புரோகிராமை ஓட்டத்தான் முடியவில்லை. அதைச் சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

ஸ்பெக்ட்ரமில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டாம். ஜே அழுத்தினால் லோட். பி அழுத்தினால் பிரிண்ட். ஆர் அழுத்தினால் ரன். அந்த ஆர் வேலை செய்யவில்லை. கூடவே க்யூ, டபிள்யூ, இ, டி. அடுத்தடுத்து ஐந்து கீ.

ஐந்தும் ஒன்றாகப் போனால் கோளாறு ஒரே கோட்டில்தான். மொத்தம் 40 கீ. எட்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. ரப்பருக்கு அடியில் இருக்கும் மெம்பரேனிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் வால்கள் போர்டுக்கு இறங்கும். ஒன்றில் எட்டுக் கோடு, மற்றதில் ஐந்து. எட்டில் ஒன்று அறுந்திருக்கலாம், சாக்கெட்டில் பிடிக்காமல் இருக்கலாம், அந்தக் கோட்டின் டயோடு போயிருக்கலாம். வாலின் நுனியைத் துளி கத்தரித்துத் திரும்பச் செருகினாலே பல மெஷின்கள் சரியாகிவிடும்.

இதையெல்லாம் பிறகு படித்தேன். அன்று படிக்கவில்லை. மேனுவலும் பெட்டகத்தில்தான் இருந்தது. பையன் நீட்டினான். நான் கை நீட்டவில்லை.

வளவில் மேசை போட்டு உட்கார்ந்தேன். செட்டியாரின் மனைவி, ஆச்சி, தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்குரூவைக் கழற்றினேன். “அங்கிள், மூடியை மெதுவாத் தூக்கணும். உள்ளே ரிப்பன் இருக்கு” என்றான் பையன். எனக்குச் சுருக்கென்றது. ஆச்சி எதிரில் ஒரு சின்னப் பையன் எனக்குப் பாடம் சொல்வதா? “நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் இதைப் பார்த்தவன்” என்றேன். அது பொய். ஸ்பெக்ட்ரமை நான் அன்றைக்கு முன் திறந்ததே இல்லை. சொன்ன கையோடு மூடியை வெடுக்கென்று தூக்கினேன்.

காய்ந்த பனையோலை முறிகிற சத்தம். இரண்டு வாலும் சாக்கெட் ஓரத்தில் முறிந்திருந்தன. ஐந்து கீ போன மெஷினில் இப்போது நாற்பதும் போயின.

“என்ன தம்பி ஆச்சு?” என்றார் ஆச்சி.

உண்மையைச் சொல்ல அவகாசம் இருந்தது. ஊரில் என் பெயர் என்னாகும் என்ற பயம் முந்திக்கொண்டது. “தண்ணி பட்டிருக்கு ஆச்சி. உள்ளே அரிச்சுப் போச்சு” என்றேன். 1953 முதல் அரிமானத்தை ஆராய்ந்துவரும் சிக்ரி ஆய்வகம் பக்கத்தில் காரைக்குடியில்தான் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு இங்கே மரியாதை உண்டு. அதனால்தான் அதை எடுத்தேன். நான் முறித்த இடத்தில் ஒரு துளி ஈரமும் இல்லை.

ஆச்சி பேரனைத் திரும்பிப் பார்த்தார். காலையில் அவன் அந்த மேசையில்தான் ஹார்லிக்ஸ் குடித்திருந்தான். “ஐயா சாமானைத் தொடாதேன்னு சொன்னேனே” என்றார். பையன் என்னைப் பார்த்தான். வால் முறிந்ததைக் கண்ணால் கண்டவன் அவன். காட்டிக்கொடுக்கவில்லை. நான் குனிந்து ஸ்குரூக்களைப் பொறுக்கினேன். மெஷின் மறுபடி பெட்டகத்துக்குள் போனது. அந்த லீவு முழுவதும் அவனை எதையும் தொட விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜி கீ நன்றாகவே இருந்தது. அது கோ டு. கோ டு 1 என்று அடித்திருந்தால், ஆர் இல்லாமலே புரோகிராம் ஓடியிருக்கும். மெஷினைத் திறந்திருக்கவே வேண்டாம். தாத்தா எழுதிய கணக்கு அன்றே பேரன் கண்ணில் பட்டிருக்கும். அந்த மேனுவலில் அதுவும் உண்டு.

அடுத்த வருஷம்தான் ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அவன்கிட்டச் சொல்லு தம்பி” என்றார். போன் போட்டேன். “தெரியும் அங்கிள்” என்றான். வைத்துவிட்டான். இந்த மெம்பரேனை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். என் செலவில் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். நாற்பது கீயும் வேலை செய்கின்றன. அவன் அதற்குப் பிறகு கோட்டையூருக்கு வரவில்லை.

என்னைப் பற்றி நீங்கள் எந்த முடிவுக்கும் வரலாம். அந்தப் பையன் எதையும் கொட்டவில்லை. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.