'டா'வா, 'ட்டா'வா?

தம்பி கார் எடுத்து வந்த அன்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது என் கண்ணில் பட்டவை இரண்டு எழுத்துகள். ஜி.ஆர். பதினேழு வருஷமாகத் திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை. மெயின் லேபிள், சைஸ் லேபிள், வாஷ்கேர் லேபிள் என்று எழுத்தெழுத்தாகப் பார்ப்பதே பிழைப்பு. ஓர் எழுத்து மாறிப்போனால் கட்டிய பெட்டியெல்லாம் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் லேபிளைத்தான் படிப்பேன்.

"ஜி.ஆர்.னா என்னடா?"

"கஸூ ரேசிங்க்கா. இது சாதா ஃபார்ச்சூனர் இல்ல. பர்ஃபாமன்ஸ் மாடல்."

"கஸூன்னா?"

அவனுக்குத் தெரியவில்லை. அதற்குள் அம்மா காரின் முன்பக்கம் போய் நின்றுகொண்டு, "இது நம்ம மில்லுல ஓடுன மிஷின் கம்பெனிதான கண்ணு?" என்று கேட்டாள்.

தம்பி சிரித்துவிட்டான். "அது டொயோடாம்மா. டூப்ளிகேட்டு. இது டொயோட்டா."

அம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. 22 வருஷம் ஸ்பின்னிங்கில் சைடராக நடந்த கால்கள் அவளுடையவை. நாங்கள் இரண்டு பேரும் படித்தது அந்தச் சம்பளத்தில். அவள் நின்ற மிஷினை அவள் முன்னாலேயே டூப்ளிகேட் என்றது பொறுக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்த பிளேட்டை நானும் பார்த்திருக்கிறேன். ஆயுதபூஜை அன்று வீட்டு ஆட்களை மில்லுக்குள் விடுவார்கள். பத்து வயதிருக்கும் எனக்கு. நீளமான ரிங் ஃப்ரேம், அதன் தலைமாட்டில் சந்தனம் தெளித்த பிளேட், கிர்லோஸ்கர் என்ற பெயருக்குப் பக்கத்தில் டொயோடா. ஆங்கிலத்தில் தொப்பை வைத்த டி. பிறகு 2000இல் குவாலிஸ் வந்து ஊரெல்லாம் ஓடியபோது அதில் கூரை போட்ட டீ இருந்தது. மில் மிஷினில்தான் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நானும் அப்போது முடிவு கட்டினேன். அம்மாவிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கஸூவைக் கண்டுபிடிக்க அதிக நேரமாகவில்லை. ஜப்பானிய மொழியில் 'கஸோ' என்றால் படம். பழைய கார்களின் படத்தைத் திரையில் காட்டி விற்க 1990களில் முதலாளி குடும்பத்து அகியோ டொயோடா தொடங்கிய ஏற்பாட்டின் பெயர் அதிலிருந்து பிறந்தது. 2007இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்துக்கு அவரும் சோதனை ஓட்டுநர் ஹிரோமு நருசேயும் போனபோது கம்பெனியின் பெயரில் ஓட முடியவில்லை. 'டீம் கஸூ' என்று போட்டுக்கொண்டு ஓடினார்கள். நருசே 2010இல் அதே நூர்பர்க்ரிங் பக்கத்துச் சாலையில், சோதனை ஓட்டத்தின்போது விபத்தில் இறந்தார். இன்று தம்பி பெருமையாகத் துடைக்கிற எழுத்துக்குப் பின்னால் அந்த மனிதர் இருக்கிறார். இதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

ஆனால் என் மனம் நின்றது வேறிடத்தில். அகியோ டொயோடா. தொப்பை டி. கம்பெனிக்குக் கூரை டீ, முதலாளி வீட்டுக்குத் தொப்பை டி. அப்படியானால் அம்மாவின் மிஷினில் இருந்தது யாருடைய பெயர்?

பிளேட்டைத் தேடிப் போனேன். மில் மூடி வருஷக்கணக்காகிவிட்டது. கட்டடம் இப்போது ஒரு காடா துணி குடோன். மிஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டதாக வாட்ச்மேன் சொன்னார். மூன்று ஞாயிற்றுக்கிழமை பல்லடம் ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் இரும்புக் கடை இரும்புக் கடையாக ஏறி இறங்கினேன். பழைய கார்டிங் சிலிண்டர் இருந்தது, ஸ்பிண்டில் குவியல் இருந்தது, பெயர் இல்லை. ஒரு கடைக்காரர், "பிளேட்டெல்லாம் பித்தளைன்னா மொதல்லயே கழட்டீருவாங்க அம்மிணி" என்றார்.

கடைசியில் அம்மாதான் வழி சொன்னாள். அவள் ஷிப்டில் இருந்த பிட்டர் இப்போது ஊத்துக்குளிப் பக்கம் மாடு வைத்துக்கொண்டிருக்கிறார். சத்தத்தைக் கேட்டே எந்த ஸ்பிண்டிலில் டேப் அறுந்தது என்று சொல்லுவாராம்.

போனேன். மோர் கொடுத்தார். காரைப் பற்றிக் கேட்டேன். "காரப் பத்தி எனக்குத் தெரியாதுங்கம்மிணி. மிஷினப் பத்திக் கேளுங்க." மிஷினைப் பற்றிக் கேட்டால் நிறுத்த முடியவில்லை. ரிங்கின் மேல் சுற்றி ஓடும் டிராவலர் நகத்தளவுக் கம்பி, அது சூடாகித் தேய்ந்தால் நூல் எப்படி மயிர் மயிராகும், புது டிராவலர் போட்ட முதல் நாள் வேகத்தை ஏன் குறைத்து ஓட்டவேண்டும் என்று ஒரு மணி நேரம். பெயருக்கு மட்டும் வரவேயில்லை. நான்காவது முறை கேட்டபோது உள்ளே போய் எண்ணெய் ஊறிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்பேர் கணக்கு. அவர் கையெழுத்தில், பக்கத்துக்குப் பக்கம்: டொயோடா.

எனக்குக் கிடைத்த சந்தோஷம் இரண்டு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. தமிழில் எழுதியதை வைத்து என்ன முடிவு செய்வது? நமக்கு இரண்டு ஆங்கில எழுத்துக்கும் ஒரே 'ட'தான். அவர் வாயில் வந்தபடி எழுதியிருப்பார். ஃபோட்டோவை ஃபோடோ என்று எழுதுகிறவர்கள் இல்லையா?

"பிளேட்டுல இங்கிலீசுல எப்படி இருந்துச்சுங்க?"

"டொயோடான்னு."

"கடைசில 'டா'வா, 'ட்டா'வா?"

"டொயோடாதானுங்க. தறிக்காரன் ஊட்டுப் பேரு. நீங்க எத்தன தடவ கேட்டாலும் அதேதான்."

தறிக்காரன் வீட்டுப் பேர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். மிஷினை நிறுவ வந்த ஆள் சொன்னானாம். அதற்கு மேல் ஒரு சொல் கிடைக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

அவர் சொன்னதை நம்பி அந்தத் திசையில் படிக்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தது. சகிச்சி டொயோடா 1867இல் பிறந்த தச்சர் மகன். நெய்கிற பெண்களின் பாட்டைப் பார்த்தே வளர்ந்தவர். 1891இல் மரக் கைத்தறி ஒன்றுக்கு முதல் காப்புரிமை. 1896இல் செய்த விசைத்தறி, ஊடை நூல் அறுந்தால் தானே நின்றது. 1924இல் வந்த 'ஜி' வகைத் தறி ஓடிக்கொண்டே நாடாவை மாற்றியது. ஒரே ஆள் 30 தறியைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1926இல் தானியங்கித் தறிக் கம்பெனி. நூற்பு, நெசவு மிஷினில் உலகத்தையே ஆண்ட இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ், 1929இல் அந்தத் தறியின் உரிமையை 1,00,000 பவுண்டு பேசி வாங்கியது. அந்தத் தறிக் கம்பெனிக்குள் ஒரு பிரிவாகத்தான் 1933இல் மகன் கீச்சிரோ கார் வேலையைத் தொடங்கினார். நாலு வருஷம் கழித்துத்தான் அது தனிக் கம்பெனி.

பிளாட் கொடுத்த பணத்தில்தான் கார் பிறந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கதை ஒட்டவில்லை. நெருக்கடியில் விழுந்த பிளாட் கம்பெனி பேசிய தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறது. ஒரே ஒரு காசோலையில் கார் கம்பெனி முளைத்துவிடாது. வருஷா வருஷம் விற்ற தறியும் நூற்பு மிஷினும்தான் அந்தக் குழந்தைக்குப் பால் ஊற்றியிருக்கும். வேலைக்குப் போகிற ஒருத்தியின் சம்பளத்தில் வளர்ந்தவள் என்பதால் எனக்கு இப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

எழுத்துக்கும் விடை கிடைத்தது. 1936இல் காருக்குச் சின்னம் தேடிப் போட்டி வைத்தபோது 'டொயோடா' 'டொயோட்டா' ஆனது. ஜப்பானிய எழுத்தில் 'டா'வுக்கு மேலே இரண்டு சின்னக் கீற்று உண்டு. அதை எடுத்துவிட்டால் ஓசை வல்லெழுத்தாகிறது, பத்துக் கோடு எட்டாகிறது. எட்டு அங்கே நல்ல எண். அவர்கள் இரண்டு கீற்றைக் கழித்துப் பெற்ற ஓசையை நாம் புள்ளி வைத்த ஒரு 'ட்' சேர்த்து எழுதுகிறோம். தறிக் கம்பெனியோ ஆங்கிலத்தில் பழைய பெயரையே 2001 வரை வைத்திருந்தது. 1995இல் பெங்களூர் பக்கம் ஜிகனியில் கிர்லோஸ்கரோடு சேர்ந்து ரிங் ஃப்ரேம் செய்ய வந்தபோதும் அதே பெயர். பிடதியில் கார் கம்பெனி தொடங்கியது அதற்கு இரண்டு வருஷம் பின்னால்.

கிர்லோஸ்கரோடு கைகோத்து முதலில் வந்தவள் அம்மாவின் மிஷின். கார் அவளுக்குத் தங்கை.

அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் ஒரு வரி கண்ணில் பட்டது. ஃபார்ச்சூனருக்கும் இன்னோவா க்ரிஸ்டாவுக்கும் போகிற ஜி.டி. வகை டீசல் இன்ஜினை இந்தியாவில் செய்வது தறிக் கம்பெனியின் கிளை. இடம், அதே ஜிகனி.

"நீ லாங் டிரைவ் போகணும்னு சொன்னீல்ல, போலாம்" என்றேன் தம்பியிடம்.

ஊத்துக்குளி, செங்கப்பள்ளி, பெருந்துறை. பவானி தாண்டும்வரை எனக்குக் காரின் மேல் கொஞ்சம் மனத்தாங்கல்தான். 2.8 லிட்டர், 204 குதிரைசக்தி, 500 நியூட்டன் மீட்டர். எல்லாம் மற்ற ஃபார்ச்சூனர் டீசல் ஆட்டோமேட்டிக்கில் இருக்கிற அதே இன்ஜின். ஜி.ஆர். என்ற பெயருக்காகச் சஸ்பென்ஷனை இறுக்கியிருக்கிறார்கள். துணி அதே, ஃபினிஷிங் வேறு. பின்சீட்டில் அம்மா ஒவ்வொரு வேகத்தடைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். லாரிக்குப் போடுகிற மாதிரி தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற வண்டி, சிறு பள்ளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

சேலம் தாண்டித் தொப்பூர் ஏற்றத்தில் என் எண்ணம் மாறியது. லாரிகள் மூச்சுவாங்கி ஊர்ந்த வளைவில் தம்பி ஸ்போர்ட் மோடில் போட்டான். ஸ்டீயரிங் கனத்தது. இரண்டு டன்னுக்கு மேலான உடம்பு, சாதா ஃபார்ச்சூனரில் வளைவுக்கு வளைவு தோளைச் சாய்க்கும். இதில் சாயவில்லை. அந்த இறுக்கம் எதற்கென்று உடம்புக்குப் புரிந்தது. அழுத்தினால் கத்தாமல், அடியிலிருந்தே இழுத்தது இன்ஜின். அம்மா கம்பியை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

டீ குடிக்க ஓரம்கட்டிய இடம் மழைச் சேறு. கிளம்பும்போது பின்சக்கரம் ஒன்று சும்மா சுற்றியது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கியது, கீழே கரகரவென்று ஒரு சத்தம், வண்டி தானே வெளியே வந்துவிட்டது. சுற்றிய சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, சக்தியை மற்றதுக்குத் தள்ளும் என்று தம்பி விளக்கினான்.

நான் உற்சாகமாகச் சொன்னேன்: "நூல் அறுந்தா தறி நிக்கற மாதிரிம்மா."

"இல்ல கண்ணு. தறியும் நிட்டிங்கும்தான் ஒரு நூலு அறுந்தா மொத்தமா நிக்கும். ஸ்பின்னிங் நிக்காது. ஆயிரம் ஸ்பிண்டில் ஓடிக்கிட்டே இருக்கும், அறுந்ததோட பஞ்ச மட்டும் குழாய் இழுத்துக்கும். சைடர் போயி ஒட்டோணும். இது ஸ்பின்னிங் மாதிரி."

இத்தனை புத்தகம் புரட்டிய எனக்குத் தோன்றாதது அது.

ஓசூர், அத்திப்பள்ளி கடந்து ஜிகனி தொழிற்பேட்டைக்குள் நுழைந்தபோது மதியம் தாண்டிவிட்டது. உள்ளே போக அனுமதி கேட்கவில்லை. போர்டு கூரை டீயில்தான் இருந்தது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வெளியே வந்தன. அம்மா இறங்கி நின்று ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தாள். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போன ஒரு பையனைக் காட்டி, "நைட்டு ஷிப்ட்டயும் சேத்துப் பாத்துருப்பான்" என்றாள்.

பிறகு பிட்டருக்குப் போன் போடச் சொன்னாள்.

"அண்ணா, நாந்தானுங்க, ஏழாம் நம்பர் மிஷினு. மிஷின் செஞ்ச எடத்துக்கே வந்துருக்கோமுங்க. பேரு நீங்க சொன்னதுதானுங்களாமா. இந்தக் காரு இன்ஜினும் அவங்க செஞ்சதுதானாம்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அம்மா தம்பியைப் பார்த்து பானெட்டைத் திறக்கச் சொன்னாள். ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். திறந்த இன்ஜினுக்கு மேலே போனை நீட்டிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்துக் கேட்டாள்.

"லேசா ஆக்சிலேட்டர் குடுக்கோணுமாம் சாமி. ஒரே சீரா. விட்டு விட்டுக் குடுத்தா அவருக்குத் தெரியாதாம்."

தம்பி உள்ளே உட்கார்ந்து மெதுவாக அழுத்தினான்.