நன்றி சொல்லப் போனவர்

புரட்டாசி பிறந்துவிட்டால் சித்தூர்க்காரரான அந்தப் பெண்மணிக்கு உட்கார நேரமிருக்காது. சனிக்கிழமை தோறும் தளிகை, பின்னாலேயே கொலு, தினம் ஒரு சுண்டல், வெற்றிலை பாக்குக்கு வருகிறவர்கள், தசரா விடுமுறையில் வீட்டை இரண்டாக்கும் பிள்ளைகள். இந்த அமளியில் ஏழுமலையானுக்கு அவர் பட்டிருந்த கடன் இரண்டு வருடம் தள்ளிப்போய்விட்டது.

கடன் சாதாரணமானதல்ல. மகனுக்கு டெங்கு கண்டு, நள்ளிரவில் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, பையன் பிழைத்தால் தன் தலைமுடியைத் தருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். பையன் பிழைத்தான். இப்போது கிரிக்கெட் பந்தால் பக்கத்து வீட்டு ஜன்னலை உடைக்கும் அளவுக்குத் தேறிவிட்டான்.

மூன்றாம் வருடம் பிடிவாதமாகக் கிளம்பினார். விஜயதசமி இரவு கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்த கையோடு பஸ் ஏறினார். திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர்; விடியுமுன் மலை மேல். கல்யாண கட்டாவில் முடி இறங்கியது. தலையில் சந்தனத்தோடு தர்ம தரிசன வரிசையில் எட்டு மணி நேரம். சொல்லவேண்டிய ஒரே வார்த்தையை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி நின்றார்.

சன்னதியில் கிடைத்தது சில நொடிகள். 'ஜருகண்டி, ஜருகண்டி' என்ற குரல்களுக்கிடையே கையைக் கூப்பியவர் வாயில் வந்தது வேறு. "அவருக்கு இந்த வருஷமாவது ஊரோடு டிரான்ஸ்பர் கிடைக்கணும்." அடுத்த கணம் வெளியே தள்ளப்பட்டிருந்தார். நன்றி சொல்லப் போனவர் புது மனு கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தார். பெருமாளுக்கு இது பழக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ஆண்டு பிரம்மோற்சவம் விஜயதசமியோடு முடிந்திருந்தது. ஒன்பது நாள் வாகனங்கள், ஐந்தாம் நாள் இரவு கருட சேவைக்குத் திரண்ட கூட்டம் எல்லாம் ஓய்ந்து, மாட வீதிகளில் சற்று நடக்க முடிந்தது. மாலையில் மலையப்ப சுவாமி உபய நாச்சியார்களோடு புறப்பட்டார். வழக்கமாகப் போகும் திசையில் அல்ல, எதிர்த் திசையில். திகைத்துப்போய்ப் பக்கத்திலிருந்த பெரியவரைக் கேட்டார்.

"பாக் சவாரிம்மா. பிரம்மோற்சவம் முடிஞ்ச மறுநாள் பெருமாள் அனந்தாழ்வான் தோட்டத்துக்குப் போவார்" என்று ஆரம்பித்தார் அவர். குளிர் மிகுந்த இந்த மலையில் பூக் கைங்கரியம் செய்ய யார் தயார் என்று ராமானுஜர் கேட்டபோது எழுந்து நின்ற ஒரே சீடர் அனந்தாழ்வான். அவர் போட்ட நந்தவனத்தில் இரவில் பூப்பறிக்க வந்த தம்பதியில் பெண் பிடிபட்டாள், ஆண் கோயிலை இடமாகச் சுற்றி ஓடித் தப்பினான். மரத்தில் கட்டிப்போட்டவள் தாயார் என்பது காலையில்தான் தெரிந்தது. எதிர்த் திசைப் புறப்பாடு அந்த ஓட்டத்தின் ஞாபகம்தான். ஐதீகம்தான். ஆனால் அதே அனந்தாழ்வான் வீசியதாகச் சொல்லப்படும் கடப்பாரை மகாத்வாரத்தில் இன்றும் தொங்குகிறது. அது பட்ட காயத்துக்காகச் சாற்றும் பச்சைக் கற்பூரம் மூலவரின் மோவாயில் இன்றும் வெண்மையாகத் தெரிகிறது.

வருடத்தின் மிகப் பெரிய உற்சவம் முடிந்த களைப்பில், முதல் வேலையாகத் தோட்டக்காரர் இடத்துக்குப் போகிறார் பெருமாள். கதையில் அந்தப் பெண்மணிக்கு உறைத்தது இதுதான். அன்றிரவு வேலூருக்கு ஆட்டோ ஓட்டியவரின் நினைவு வந்தது. கொட்டும் மழை. முப்பத்தைந்து கிலோமீட்டர். விடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர், காத்திருந்ததற்குக் காசு வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய ஆட்டோ ஸ்டாண்ட் வீட்டிலிருந்து இரண்டே தெரு. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போய் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மறுநாள் சித்தூரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே ஸ்டாண்டுக்குப் போனார். மொட்டைத் தலையில் டிரைவருக்கு அடையாளம் தெரியவில்லை. "எங்கம்மா போகணும்?" என்றார்.

"எங்கேயும் இல்லை தம்பி" என்று லட்டை நீட்டினார். பிறகு மழையையும் வேலூரையும் நினைவுபடுத்தினார்.

"அடடே, அந்தப் பையனா! எப்படிம்மா இருக்கான்?"

ஜன்னல் உடைந்த கதையை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சவாரி ஒன்று வந்தது. டிரைவர் அதைப் பின்னால் நின்ற வண்டிக்குக் கைகாட்டி அனுப்பினார்.