தானாய் முளைத்தவை

2018 நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயல், எங்கள் பங்குமனைத் தோட்டத்து முதிய வேம்பையும் சாய்த்துச் சென்றது. அடுத்த மழைக்காலத்தில் அவ்வெற்றிடம் முழுவதும் கன்றுகள்! விதைத்தவர் எவருமில்லை, காக்கையும் ஆடும் இட்ட பயிர்.

“பெரும்பாலும் வேம்புதான் சாமி, இருக்கட்டும்” என்றார் கோயில்பிள்ளை. குனிந்து பார்த்தேன். வேம்பின் காம்பில் சிற்றிலைகள் நேரே இருபுறமும் அமைந்திருக்கும். மலைவேம்பிலோ காம்பு மீண்டும் கிளைத்த பின்னரே சிற்றிலை தோன்றும். கணுவில் இரட்டை முள் காட்டிய சீமைக்கருவேலத்தை அன்றே வேரோடு அகற்றினோம். வெட்டினால் மட்டும் போதாது. அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். ஆணிவேர் ஆழமோடுமுன், சாணுயர வேப்பங்கன்றுகள் இரண்டை மழை ஓய்ந்த மாலையில் மண்கட்டியோடு பெயர்த்து வேலியோரம் நட்டோம்.

நான் தவறியது வேறிடத்தில். மாதா கெபியின் கல்லிடுக்கில் ஓர் அரசங்கன்று, வால்போல் நீண்ட இலைநுனியோடு அழகாய் நின்றது. பிடுங்க மனம் வரவில்லை. மூன்றாம் ஆண்டில் சுவர் பிளந்தது. அப்பொழுது பிடுங்கவும் இயலவில்லை. வேர் கல்லோடு கல்லாயிருந்தது. கெபியைப் பிரித்துக் கட்டிய செலவு அவ்வாண்டின் அறுவடைக் காணிக்கை முழுவதையும் விழுங்கிற்று. மக்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குக் கடினமாயிருந்தது.

வேர்த்துண்டோடு எறிந்த அந்த அரசைக் கோயில்பிள்ளை வாய்க்கால் கரையில் ஊன்றியிருக்கிறார். என்னைக் கேட்கவில்லை.